போன் யார் கையில இருக்கு: ராமநாதபுரம் கடலோரத்துல ஊடகம், உறவு பத்தி ஆய்வு பண்ண ஒரு முழு வழிகாட்டி

சமூகவியல், இதழியல் படிக்கிற பசங்க ஊடகமும் உறவும்னு தலைப்பு எடுத்தா முக்காவாசி ஒரே மாதிரிதான் முடியுது. சமூக ஊடகங்களால் குடும்ப உறவுகளில் ஏற்படும் தாக்கம்னு ஒரு தலைப்பு, கூகுள் ஃபார்ம்ல கேள்வி, கிளாஸ் குரூப்ல ஃபார்வர்டு, வந்த பதிலை வச்சு ரெண்டு பை சார்ட், கடைசியில பயன்பாட்டைக் குறைக்க வேண்டும்னு அறிவுரை. மார்க் வந்துரும், ஆனா ஒண்ணும் தெரிய வராது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பாக்குறீங்கன்னு கேக்குறோம், பாம்பன்ல ஒரே போனை அம்மா, மருமக, பள்ளிக்கூடம் போற பிள்ளைன்னு மூணு பேர் மாத்தி மாத்தி வச்சிருக்க வீட்டுல அந்தக் கேள்விக்கு யாரு என்ன பதில் சொல்லுவாங்க?

அதனால என் கட்சி இதுதான்: நேரத்தை அளக்கவேணாம், சேதியைப் பின்தொடருங்க. ஒரு சேதி யார்கிட்ட மொதல்ல போச்சு, எந்த வழியா போச்சு, யாருக்கு கடைசியா தெரிஞ்சுது, யாரு கோவிச்சுக்கிட்டாங்க. உறவோட நெருக்கம் தூரம் எல்லாம் அதுலதான் இருக்கு. கீழ இருக்குற படியெல்லாம் அதுக்கான வழிதான்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்க

கடலோர மக்களின் ஊடகப் பயன்பாடுன்னு எடுத்தா பத்து வருஷம் ஆனாலும் முடியாது. ஒரு உறவு, ஒரு வகை சேதி, ஒரு தெரு, இவ்வளவு போதும். உதாரணத்துக்கு கீழக்கரைல வெளிநாட்டுல இருக்குற மாப்பிள்ளைக்கும் ஊர்ல இருக்குற பொண்டாட்டிக்கும் நடுவுல பணம் பத்தின பேச்சு எப்படி நடக்குது. இல்லன்னா தங்கச்சிமடத்துல விசைப்படகுல போறவர் கரைக்கு வர்ற வரைக்கும் வீட்டுல என்ன பேச்சு ஓடுது. இல்லன்னா பாம்பன் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க நாளைக்கு கடலுக்குப் போறதா வேணாமான்னு எப்படிக் கூடிப் பேசி முடிவு பண்றாங்க. கேள்வியை ஒரு தடவை சத்தமா சொல்லிப் பாருங்க, உங்க பெரியம்மாவுக்குப் புரியலன்னா அது இன்னும் கேள்வி ஆகல.

படி 2: ஊரையும் காலண்டரையும் சேத்துப் பாருங்க

இந்தக் கடற்கரைல எந்த நாள்ல போறீங்கங்கறது எந்த ஊருக்குப் போறீங்கங்கறதை விட முக்கியம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போறது திங்கள், புதன், சனி, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறை அனுமதி டோக்கன் வாங்கிட்டுப் போன விசைப்படகு மறுநாள் காலைலதான் திரும்பும், அந்த ராத்திரி வீட்டுல போன் இருக்குற இடமே மாறும், தலைமாட்டுக்கு வந்துரும். கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போ விசைப்படகுல போற ஆம்பளைங்க எல்லாம் கரையில, கையில காசு இருக்காது, ரீசார்ஜ் பேக் 28 நாள்னா தடைக்காலத்துக்குள்ள ரெண்டு தடவை முடிஞ்சுரும். யாரு போனுக்கு மொதல்ல ரீசார்ஜ் போடுறாங்க, யாரு போனை அப்படியே விட்டுர்றாங்கன்னு பாருங்க, குடும்பத்துக்குள்ள யாருக்கு என்ன எடைன்னு அந்த ஒண்ணுலயே பாதி தெரிஞ்சுரும்.

கீழக்கரை காலண்டர் வேற, அது கல்ஃப் கடிகாரத்துல ஓடுது. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், குவைத், கத்தார்னா ரெண்டரை. அங்க வேலை முடிஞ்சு குளிச்சு சாப்பிட்டு ஒம்பதரைக்கு போன் எடுத்தா இங்க பதினொண்ணு, குவைத்துன்னா பன்னெண்டு. பிள்ளைங்க முழிச்சிருக்குமா தூங்கிருக்குமாங்கறதைப் பொறுத்துத்தான் வாப்பாவோட முகம் அதுங்களுக்குப் பழகும். இன்னொண்ணு, அமீரகத்துல 2022 ஜனவரில இருந்து வாரவிடுமுறையை சனி, ஞாயிறுன்னு மாத்திட்டாங்க, வெள்ளிக்கிழமை அரை நாள். அரசு ஆபீஸுக்குன்னு வந்த மாத்தம், தனியார்லயும் பல கம்பெனிங்க பின்னாடியே போயிருச்சு. காலங்காலமா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிச்சு ஊருக்குப் பேசுற பழக்கம் அந்த வீடுகள்ல என்ன ஆச்சுன்னு கேளுங்க, எங்கயோ ஒரு அரசாங்கம் போட்ட உத்தரவு இங்க ஒரு வீட்டுல ஞாயித்துக்கிழமை சமையல் வரைக்கும் வந்து நிக்கிறது தெரியும்.

வாட்ஸ்அப் கால் அமீரகத்துல முடக்கி வச்சிருக்கதால போட்டிம் மாதிரி ஆப்தான் ஓடுது. எழுபது வயசு உம்மாவுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் பாக்க மட்டும்தான் தெரியும், போட்டிம்ல பேச்சு மட்டும்தான் தெரியும்னா அதுக்குக் காரணம் வயசு இல்ல, சட்டம். இதைக் குறிச்சுக்கலன்னா முதியோர்க்குத் தொழில்நுட்ப அறிவு குறைவுன்னு எழுதி வச்சிருவீங்க.

படி 3: உள்ள போற வழி

நேரா வீட்டுக் கதவைத் தட்டாதீங்க. மீனவர் ஊர்னா கிராமக் கமிட்டி, சங்கம், கிறிஸ்தவ ஊர்னா பங்குச் சாமியார்கிட்டயும் ஒரு வார்த்தை, கீழக்கரை, தொண்டி பக்கம்னா அந்தந்தத் தெரு ஜமாஅத். ஆனா ஒரு விஷயம், கமிட்டி வழியா போனா கமிட்டி ஆளுங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. அதனால அனுமதி அவுககிட்ட வாங்குங்க, ஆளை நீங்க தேடுங்க. ஐஸ் கம்பெனி, கருவாடு காய வைக்கிற இடம், மகளிர் குழு கூட்டம், ரேஷன் கடை வரிசை, இங்கல்லாம் சும்மா நின்னாலே பேச்சு கிடைக்கும். மண்டபம் முகாம்ல இருக்குற இலங்கைத் தமிழர் குடும்பங்களைப் பத்தி எழுதணும்னு ஆசை வரும், அங்க அதிகாரிங்க அனுமதி இல்லாம போகாதீங்க, உங்களுக்கு வர்ற சிக்கலை விட அவுகளுக்கு வர்ற சிக்கல் பெருசு.

ஆம்பளைப் பசங்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டுல மாப்பிள்ளை இருக்குற வீட்டுக்கு தனியா போய் உக்காந்து போன் பத்திக் கேள்வி கேக்குறது நடக்காது, நடக்கவும் கூடாது. கூடப் படிக்கிற பொண்ணு ஒருத்தரை ஆய்வுல கூட்டு சேத்துக்கங்க, இல்லன்னா தலைப்பை மாத்துங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்ககிட்ட காதல், இன்ஸ்டா கணக்குன்னு ஒண்ணும் கேக்காதீங்க, பெத்தவங்க சம்மதம் இல்லாம சாதாரணக் கேள்வி கூட வேணாம்.

படி 4: வீட்டுக்குள்ள இருக்குற கருவிங்க

மொத நாள் கேள்வி ஒண்ணும் வேணாம், ஒரு வரைபடம் போடுங்க. டிவி எங்க இருக்கு, ரேடியோ இருக்கா, எத்தனை போன், சார்ஜர் எந்த ரூம்ல, லாக் இருக்கா, அந்த பேட்டர்ன் வீட்டுல வேற யாருக்குத் தெரியும். போன் யாருதுன்னு கேக்கும்போது மூணாப் பிரிச்சுக் கேளுங்க: வாங்கினது யாரு, சிம் யாரு பேர்ல, பகல்ல யாரு கையில. மூணுக்கும் மூணு பேர் பதிலா வர்றது சாதாரணம். கடலுக்குப் போறவர் போனை பாலிதீன் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டா வீட்டுல என்ன மிச்சம்னும் பாருங்க.

கீழக்கரைல இன்னொரு விஷயமும் சேரும். அங்க வீடு பொண்ணுக்குக் கொடுக்குறது வழக்கம், கல்யாணம் ஆனா மாப்பிள்ளை பொண்டாட்டி வீட்டுக்கு வர்றாரு. அதனால வீடியோ கால்ல துபாய்ல இருந்து அவர் பாக்குறது மாமியார் வீட்டுக் கூடம். தன் உம்மாகிட்ட பேசுறது தனி கால், தனி நேரம். யாருக்கு மொதல்ல கால் போச்சுங்கறது அந்த ஊர்ல சின்ன விஷயமே இல்ல. ஊடகம் கூட்டுக் குடும்பத்தை உடைக்குதுன்னு வெளியூர்ல எழுதின சூத்திரத்தை இங்க கொண்டு வந்து ஒட்டினீங்கன்னா ஒட்டாது, இங்க குடும்பத்தோட அமைப்பே வேற.

இந்த வீடுகள்ல கண்ணால பாக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. அடுப்படியில சீனி டப்பால போனைச் சாச்சு வச்சிருப்பாங்க, அங்கிட்டு அவர் ரூம்ல சட்டை மடிச்சிட்டு இருப்பாரு, இங்கிட்டு இவுக வெங்காயம் உரிச்சிட்டு இருப்பாங்க, ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க, கால் மட்டும் ஓடிட்டே இருக்கும். நடுவுல "உப்பு போட்டாச்சா" மாதிரி ஒரு வார்த்தை. என்ன பேசினீங்கன்னு கேட்டா ஒண்ணும் பேசலன்னுதான் பதில் வரும், அதை அப்படியே எழுதிட்டு வந்தா ஆய்வு போச்சு. பேச்சே இல்லாத கால் எத்தனை, பேச்சு உள்ளது எத்தனைன்னு தனித்தனியா குறிங்க.

படி 5: காண்டாக்ட் லிஸ்ட்டை வாசிக்கச் சொல்லுங்க

எனக்குத் தெரிஞ்சு இதை விட நல்ல முறை கிடையாது, செலவும் இல்ல. போனை நீங்க வாங்காதீங்க. அவுகளே கையில வச்சிக்கிட்டு, சொல்லலாம்னு தோணுற பேரை மட்டும் வாசிக்கட்டும், நீங்க நம்பரை எழுதாதீங்க. இறால் கம்பெனி அக்கா, சம்மாட்டி (படகு முதலாளி), குழு தலைவி, பாப்பா டீச்சர், கேஸ் தம்பி, மச்சான் துபாய் புதுசு, மச்சான் துபாய் பழசு. புருஷன் பேரைச் சொல்லாத தலைமுறைல அவர் நம்பர் பிள்ளையோட அப்பான்னு இருக்கும், அவரோட போன்ல இவுக வீடுன்னு இருப்பாங்க. ஒவ்வொரு பேருக்கும் கடைசியா எப்போ பேசினீங்க, அவுகளா நீங்களா, காலா வாய்ஸ் மெசேஜான்னு கேட்டுட்டே வந்தா உறவு வரைபடம் தானா வந்துரும். எடுக்காத நம்பர் எதுன்னும் கேளுங்க. குழுக்கடன் வசூலுக்கு வர்ற கால், தெரியாத நம்பர், இதுக்குப் பயந்து போனை அணைச்சு வைக்கிற வீடு இருக்கு, அங்க போன் வரலங்கறதை உறவு விட்டுப்போச்சுன்னு தப்பா எழுதிறாதீங்க.

படி 6: ஒரு சேதியோட பாதை

இதுதான் ஆய்வோட நடுத்தண்டு, இதுக்கு நேரம் ஒதுக்குங்க. ஏற்கனவே நடந்து முடிஞ்ச ஒரு விஷயத்தை எடுங்க, நிச்சயதார்த்தம், பரீட்சை ரிசல்ட், படகு லேட்டா வந்த ஒரு ராத்திரி. எடுத்துட்டு உங்களுக்கு யாரு சொன்னா, எத்தனை மணிக்கு, அப்புறம் நீங்க யாருக்குச் சொன்னீங்கன்னு ஒவ்வொருத்தரா பின்னாடி போங்க. பிடிபட்ட படகு, காணாம போன ஆளு, இந்த மாதிரி சேதியை அது நடக்குறப்போ ஆய்வுன்னு சொல்லிட்டுப் போய் நிக்காதீங்க. கரையில அழுதுட்டு இருக்குறவங்ககிட்ட எப்போ தெரிஞ்சுதுன்னு கேக்குறவன் ஆய்வாளன் இல்ல.

நல்லா வேலை செய்யறது கேதம் சொல்றது, அதாவது சாவுச் சேதி சொல்றதுதான், கொஞ்ச காலம் கழிச்சுக் கேட்டா மக்களும் தாராளமா பேசுவாங்க. ஒரு சாவு விழுந்தா இந்தக் கரையில எத்தனை வழியா சேதி போகுதுன்னு எண்ணிப் பாருங்க: கோயில் மணி, பள்ளிவாசல் மைக்ல மவுத்து அறிவிப்பு, போன், வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப்ல கண்ணீர் அஞ்சலி போட்டோ, மறுநாள் ஃப்ளெக்ஸ், இன்னும் சில ஊர்ல நேர்ல போய்ச் சொல்றதும் இருக்கு. எல்லா வழியும் திறந்துதான் இருக்கு, ஆனா எல்லாரும் எல்லா வழிக்கும் ஒத்துக்க மாட்டாங்க. ஊர்க்காரனுக்கு மணிச் சத்தம் போதும். பங்காளிக்குப் போன் போகணும். சம்பந்திக்கு வீட்டுப் பெரியவர் வாயால போகணும், மருமக ஃபார்வர்டு பண்ணது செல்லாது. "ஸ்டேட்டஸ் பாத்துதான எனக்குத் தெரிஞ்சுது, ஒரு வார்த்தை சொல்லலையே" அப்படின்னு வருஷக்கணக்கா பேசாம இருக்குற அண்ணன் தம்பியை எந்த ஊர்லயும் காட்டுவாங்க. தகவல் போய்ச் சேந்துருச்சு, உறவு போய்ச் சேரல. உங்க ஆய்வுக்கு வேண்டியது அந்தக் கோவம்தான், அதைப் பக்கம் பக்கமா எழுதிக்கங்க.

இங்க ரெண்டு பழைய ஆய்வு உதவும். கட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955ல வெளியிட்டது ஒண்ணு, அமெரிக்காவுல டெகேட்டர்ங்கற ஊர்ல பெண்கள்கிட்ட கேட்டுப் பண்ணது. ரேடியோ, பத்திரிகை சொன்னதை மக்கள் நேரடியா அப்படியே எடுத்துக்கல, நடுவுல தெரிஞ்ச ஒருத்தர் சொல்லித்தான் முடிவு மாறுதுன்னு காட்டினாங்க. நம்ம பக்கம் பாம்பன்ல 2016ல இருந்து கடல் ஓசைன்னு மீனவங்களுக்கான சமுதாய வானொலி 90.4ல ஓடுது. காத்து, கடல் நெலவரம் அதுல சொன்னா அந்த வீட்டுல முடிவு பண்றது ரேடியோவா, இல்ல அதைக் கேட்டுட்டு வந்து சொல்ற மாமாவான்னு பாருங்க. இன்னொண்ணு மடியானுவும் மில்லரும் 2012ல எழுதினது, இங்கிலாந்துல வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் அம்மாக்களும் ஊர்ல விட்டுட்டு வந்த பிள்ளைங்களும் பத்தி. எல்லா வழியும் மலிவா கைக்குள்ள வந்ததுக்கப்புறம் ஏன் கால் பண்ணாம மெசேஜ் போட்டேங்கறதே ஒரு உறவுக் கேள்வி ஆயிருதுன்னாங்க. பிலிப்பைன்ஸ் எங்கயோ இருக்கட்டும், மேல சொன்ன சம்பந்தி கோவம் அதேதான், ஒரே வித்தியாசம் நம்மாளுங்களுக்கு இது மணி அடிச்ச காலத்துலயே தெரியும்.

மூணாவதா ஒண்ணை எச்சரிக்கையா எடுங்க. கேரளால மத்தி மீன்காரங்க கைக்கு செல்போன் வந்ததும் ஊருக்கு ஊரு விலை வித்தியாசம் குறைஞ்சுதுன்னு ஜென்சன் 2007ல காட்டினாரு, எல்லாரும் மேற்கோள் போடுவாங்க. ஆனா இங்க வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தா பிடிச்ச மீனை அவருக்குத்தான் போடணும், பக்கத்து ஊர் விலை போன்ல தெரிஞ்சும் என்ன பண்ண? உங்க ஆளு அப்படிக் கடன்ல இருக்காரான்னு கேக்காம போன் வந்து மாறிருச்சுன்னு எழுதாதீங்க.

படி 7: பழசையும் கேளுங்க

இன்னைக்கு இருக்குற போனை மட்டும் பாத்தா எல்லாமே புதுசாத் தெரியும். தனுஷ்கோடில இருந்து இலங்கைக் கரையில இருக்குற தலைமன்னார் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான், அந்தக் காலத்துல மெட்ராஸ் ரேடியோவை விட இலங்கை வானொலிதான் இந்தக் கரையில தெளிவாக் கேட்டுது. பாட்டு விருப்பம், பிறந்தநாள் வாழ்த்துன்னு கார்டு எழுதிப் போட்டு தன் பேரு ரேடியோல வருதான்னு காத்துக்கிடந்த தலைமுறை இன்னும் இருக்காங்க, அவுககிட்ட யாரு பேரை உங்க பேரோட சேத்து எழுதினீங்கன்னு கேளுங்க, சிரிச்சிட்டே ஒரு காதல் கதை வெளிய வரும். எழுபது எழுபத்தஞ்சு தாண்டினவங்ககிட்ட 1964 டிசம்பர் புயல் ராத்திரிக்கு அப்புறம் தனுஷ்கோடிச் சேதி உங்க ஊருக்கு யாரு மூலமா வந்துதுன்னு கேளுங்க.

கீழக்கரைல கடிதம் கேளுங்க. தமிழ் எழுத்து படிக்காத பெண்கள் ஓதப் படிச்ச அரபு எழுத்துல தமிழை எழுதி சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போன மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டிருக்காங்க, அரபுத்தமிழ்னு சொல்றது. வீட்டுல எந்த ஆம்பளையையும் எழுதித் தரச் சொல்லாம புருஷனுக்கு மட்டும் எழுதுற வழி அது. அதுக்கப்புறம் கேசட், பேசிப் பதிஞ்சு ஊருக்கு வர்ற ஆள்கிட்ட கொடுத்து அனுப்புவாங்க, வீடே சுத்தி உக்காந்து கேக்கும், அவுக தனியா சொல்ல நெனைச்சதைச் சொல்ல முடியாது. அப்புறம் ஐஎஸ்டி பூத், பின்னாடி வரிசை நிக்கும், மீட்டர் ஓடும். இதையெல்லாம் வரிசையா வச்சா தனிமை கடிதத்துல இருந்துது, கேசட்லயும் பூத்துலயும் போச்சு, இப்போ இயர்போன்ல திரும்ப வந்திருக்குன்னு ஒரு கோடு கிடைக்குது. செல்போன் வந்துதான் பொம்பளைக்குத் தனிப்பேச்சு வந்துதுன்னு எழுதுறவங்களுக்கு இந்தக் கோட்டைக் காட்டணும்.

படி 8: ஸ்டேட்டஸும் சீரியலும்

சாடை பேசுறது நம்ம வீடுகள்ல பழைய கலை, கோழியைத் திட்டுற மாதிரி மருமகளைத் திட்டுறது. இப்போ அது ஸ்டேட்டஸுக்குக் குடி போயிருச்சு. ஒரு சோகப் பாட்டு, ஒரு துரோகம் பத்தின வாசகம், பேரு கிடையாது, ஆனா யாருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்களா அர்த்தம் சொல்லாதீங்க, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுக்காதீங்க. போட்டவங்ககிட்ட இது யாரு பாக்கணும்னு போட்டீங்கன்னும், பாத்தவங்ககிட்ட இது உங்களுக்குன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னும் தனித்தனியா கேளுங்க, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட கொண்டு போகாம. சீரியலுக்கும் அதே மாதிரி, கதை புடிக்குமான்னு கேக்காதீங்க, சீரியல் ஓடும்போது பக்கத்துல உக்காந்து யாரு யாரைப் பாத்து என்ன சொல்றாங்கன்னு கவனிங்க, அவ்வளவுதான்.

படி 9: குறிப்பு, எழுத்து

அன்னன்னைக்கு ராத்திரி எழுதிருங்க, பஸ்ல வரும்போது போன்ல பேசிப் பதிஞ்சாலும் சரி. பேச்சை அவுக பேசின மாதிரியே எழுதுங்க, "அவுக கடலுக்குப் போயிருக்காக, வந்ததும் கேட்டுச் சொல்றேன்"ங்கறதை கணவரிடம் அனுமதி கேட்க வேண்டியுள்ளதுன்னு மாத்தினா பாதி விஷயம் செத்துரும். சொன்னது, பாத்தது, நீங்க நெனைச்சது, மூணையும் வேற வேற பக்கத்துல வைங்க. பேரை மாத்தினா மட்டும் போதாது, சின்ன ஊர்ல ரெண்டு பையன் குவைத்ல, ஒரு படகு, மேலத் தெருன்னு எழுதினாலே ஆளு யாருன்னு தெரிஞ்சுரும். தெரு, தொழில், பிள்ளைங்க எண்ணிக்கை இதுல ஒண்ணு ரெண்டை மாத்துங்க, மாத்தினதை உங்க கைடுகிட்ட மட்டும் சொல்லுங்க.

இருபது வீட்டை வச்சு ராமநாதபுரம் மாவட்ட மக்கள்னு ஆரம்பிக்காதீங்க. இந்தத் தெருவுல, இந்தத் தடைக்காலத்துல, இந்த மாதிரி சேதிக்கு இப்படின்னு எழுதுங்க, அதுக்கு மதிப்பு அதிகம். போன் வந்ததால உறவு கெட்டுதுங்கற வரி எழுத வந்துச்சுன்னா ஒரு தடவை திரும்பிப் போய் போன் வர்றதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பேரும் எப்படி இருந்தாங்கன்னு விசாரிச்சுட்டு அப்புறம் எழுதுங்க.

படி 10: திருப்பிக் கொடுக்கணும்

இதை யாரும் செய்யறதில்ல, வைவா முடிஞ்சா ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்குறதில்ல. ரெண்டு பக்கத்துல தமிழ்ல எழுதி, உங்ககிட்ட பேசினவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. குழுக் கூட்டத்துல காட்டினா பொதுவான விஷயம் மட்டும், எந்த வீட்டுச் சண்டையும் வரக்கூடாது. இப்படி இல்லப்பா அதுன்னு அவுக திருத்தினா அந்தத் திருத்தத்தையும் ஆய்வுல சேருங்க, பல நேரம் அதுதான் நல்ல பகுதியா இருக்கும். பதிஞ்ச ஆடியோவை ரிசல்ட் வந்ததும் போன், பென்டிரைவ், கூகுள் டிரைவ் மூணுலயும் அழிங்க, கிளாஸ் குரூப்ல யாருக்காச்சும் அனுப்பியிருந்தா அவங்க போன்லயும். சம்மதக் கையெழுத்துப் பேப்பரை மட்டும் காலேஜ் சொல்ற வரைக்கும் பூட்டி வைங்க.